கழற்றி வைத்த தகடு

அயனி மரப் பலகை என் மகளின் விலாவில் இடித்து, அவளைத் தாண்டிப் பறந்து, கார் ஷெட்டின் பின்சுவரில் போய்க் குத்தியது. செங்கல் தெரியும் அளவுக்குச் சுவர் பெயர்ந்தது. அடுக்களை வாசலில் நின்று நான் அதைப் பார்த்தேன். அந்தப் பலகை பறந்ததற்குக் காரணமும் நான்தான்.

எங்கள் வீடு கேரள எல்லைக்குள், குன்னத்துகால் பக்கம், பனச்சமூடு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகளுக்கு இருபத்து நாலு வயது. வீட்டு உள் அலங்காரம் படித்துவிட்டு, ஒரு கம்பெனியில் எட்டு மாதம் படம் வரைந்துவிட்டு, அது பிடிக்காமல் சொந்தமாக அலமாரியும் மேசையும் செய்யத் தொடங்கினாள். கார் ஷெட்தான் அவளுடைய பட்டறை. நடுவில் டேபிள் சா என்று சொல்லும் பலகை அறுக்கும் மெஷின். இரும்பு மேசை, அதன் நடுவில் ஒரு பிளவு, பிளவிலிருந்து மேலே வரும் வட்ட வாள். மேசை சிறியது. நீளமான பலகையை அறுக்கும்போது மறுபக்கம் தாங்க ஏதாவது வேண்டும். மெஷினுக்குப் பின்னால் அவள் ஒரு பெஞ்சைப் போட்டாள். இடமில்லாமல் கார் மழையில் நின்றது.

என் கணவர் வேலைக்காக நாள் முழுதும் காரில் சுற்றுபவர். ஒரு சாயங்காலம் பலாப்பழம் விழுந்து காரின் முன்மூடி குழிந்தது. அவர் ஷெட்டுக்குள் போய் பெஞ்சையும் பலகைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்துச் சேற்றில் எறிந்தார். மகள் ஓர் உளியை எடுத்துக்கொண்டு வந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் கதவில் ஒரு முழம் நீளத்துக்குக் கோடு கிழித்தாள். அவர் கை ஓங்கினார். குறுக்கே போன என் கண்ணாடி உடைந்தது.

“மெஷின் உள்ள கெடக்கும், வண்டி வெளிய நனையும். நல்ல குடும்பமாக்கும் இது,” என்றார்.

இரண்டு பேரும் பேசாமல் இருந்த அந்த வாரத்தில் நான் அளவெடுத்தேன். மெஷினின் பின் விளிம்பில் கீல் வைத்து ஒரு பிளைவுட் பலகை. அறுக்கும்போது பின்னால் விரித்து, மடக்குக் கால்களில் நிறுத்தலாம். வேலை முடிந்ததும் வாளைக் கீழே இறக்கிவிட்டு, பலகையை மெஷின் மேலேயே மூடி போலக் கவிழ்க்கலாம். மெஷினைச் சுவரோரம் உருட்டிவிட்டால் கார் உள்ளே வரும். ஒரே தடங்கல் வாளுக்குப் பின்னால் நிற்கும் தகடு. மூன்று விரல் உயரம், இரண்டு போல்ட்டில் மேசையோடு முறுக்கியது. வாளோடு கீழே இறங்காது. அறுபட்ட மரம் மறுபடி மூடிக்கொண்டு வாளைப் பிடித்துவிடாமல் அது இடையில் நிற்கும். பிடித்தால் மரம் திரும்பிப் பாயும். இதை எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான்.

“இந்தத் தகடு நிக்குத வரைக்கும் எனக்க கை உண்டு, அம்மா.”

அதற்காக மூடிப் பலகையில் ஒரு நீளத் துளை போட்டேன். மூடும்போது தகடு துளை வழியே மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கார் உள்ளே வந்தது. அவர் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீச்சருக்குக் கணக்கு தெரியும் என்று மகள் காதில் விழும்படி சொன்னார்.

பிறகு வீட்டு ஜெபம் எங்கள் முறைக்கு வந்தது. எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். இருபது நாற்காலி போட ஷெட்டைத் தவிர இடமில்லை. மூடிய மெஷின்தான் மேசை. மேசை விரிப்பைப் போட்டேன். நடுவில் தகடு துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் மேல் வேதப்புத்தகத்தை எப்படி வைப்பது, டீத்தட்டை எங்கே வைப்பது? ஆட்கள் வரும் நேரம். ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டையும் கழற்றி, தகட்டை எங்கோ பத்திரமாக வைத்தேன். துணி சமமாக விழுந்தது. பழம்பொரித் தட்டை வைத்த ஒரு சகோதரி, மேசை நல்லா இருக்கு டீச்சர் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. உதியன்குளங்கரையில் ஒரு வீட்டுக்கு அவள் மதியத்துக்குள் அலமாரித் தட்டுகள் கொடுக்க வேண்டும். நான் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து தகடு எங்கே என்று கேட்டாள். எவ்வளவு யோசித்தும் வைத்த இடம் வரவில்லை. அது இல்லாமல் அறுக்க மாட்டேன் என்று நின்றாள்.

“ரெண்டு பலகைதானே மக்கா. பைய பாத்து அறு. சாயங்காலம் தேடித் தாறேன்,” என்றேன்.

முதல் பலகை ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் பாதி தாண்டியதும் மெஷினின் சத்தம் அடைத்தது. நான் திரும்பிப் பார்க்கும்போதே பலகை பாய்ந்தது. பலகையைப் பிடித்திருந்த இடது கையை அது வாள்மேல் இழுத்துக்கொண்டு போனது. ரத்தம் என்னுடைய பிளைவுட்டின் நீளத்துக்கு ஒரே கோடாகத் தெறித்தது. மேலே கூரை ஷீட்டிலும் தெறித்தது. அவள் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். மரத்தூளில் மண்டியிட்டுத் துழாவினேன். ஆள்காட்டி விரலின் நுனி, நகத்தோடு, தூள் ஒட்டிக் கிடைத்தது.

அடுத்த வீட்டு அக்கா கம்யூனிஸ்ட் பச்சை என்கிற செடியின் இலையைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தாள், காயத்தில் பிழிய. கிட்டே விடாமல் அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் துணி துவைக்கும் கல்லில் போய் விழுந்தாள். அன்றைக்கு அவளைத் தூக்கிவிடக்கூட நான் திரும்பவில்லை.

கணவர் கார் ஓட்டினார். மகளின் கையைச் சுற்றிய துண்டிலிருந்து சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஐஸ் பாத்திரத்தில் வைத்து மடியில் பிடித்திருந்தேன். உதியன்குளங்கரையில் ஒரு பஸ் குறுக்கே நின்று ஆள் ஏற்றியது. அவர் இறங்கிப் போய் அதன் பக்கத்தகரத்தில் முஷ்டியால் குத்தினார். டிரைவரைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தைகளை இருபத்தாறு வருடத்தில் அவர் வாயில் நான் கேட்டதில்லை.

நெய்யாற்றின்கரையில் டாக்டர், மெஷினில் பாதுகாப்புக்கு ஒன்றும் இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஞான் மறந்து போயி,” என்றாள் அவள். தகட்டைப் போடத் தான் மறந்துவிட்டதாக.

கணவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பாதி அறுபட்டிருந்த நடுவிரலைத் தைத்துச் சேர்த்தார்கள். ஆள்காட்டி விரலின் நுனி சேரவில்லை. முதல் கணு வரைதான் இப்போது இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பெண்பிள்ளைக்கு இந்த வேலை தேவையா என்றுதான் கேட்டார்கள். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவர் சம்மட்டியோடு ஷெட்டுக்குப் போனார். முதல் அடியில் பிளைவுட் பிளந்தது. இரண்டாவதில் கீல் பிய்ந்து தெறித்தது. கால்களை மிதித்து முறித்தார். மெஷின்மேல் ஓங்கும்போது மகள் ஓடிவந்து, கட்டுப்போட்ட கையோடு அதன் மேல் கவிழ்ந்தாள்.

“அடிங்க. எனக்க மேல அடிச்சிட்டு அதுல அடிங்க.”

“மறந்து போச்சாம். அகங்காரமாக்கும் ஒனக்கு. மாறி நில்லு,” என்றார். சம்மட்டி கீழே வரவில்லை. அது எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“தகட்டை ஊரினது நானாக்கும்,” என்றேன். “ஜெபத்துக்கு விரிப்பு போட. அவ கேட்டா. நான்தான் அறுக்கச் சொன்னேன்.”

அவர் திரும்பினார். சம்மட்டியும் திரும்பியது. நான் சாய்ந்திருந்த ஷெட் தூணில், என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, அடி இறங்கியது. சிமெண்ட் சில்லு ஒன்று கன்னத்தைக் கிழித்தது. இன்னொரு அடிக்காக நின்றேன். அவர் சம்மட்டியைப் போட்டுவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மகள் மெஷின்மேலிருந்து எழுந்தாள். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

“ஆஸ்பத்திரியில நான் உங்க மொகத்தப் பாத்தேன், அம்மா,” என்றாள். “அங்க சொல்லியிருக்கணும்.”

மூன்று மாதம் கழித்து அவளே வேறொன்று வரைந்தாள். பின்னால் விரிவது அதேதான். வேலை முடிந்ததும் கீழே தொங்கிவிடும். எதையும் கழற்ற வேண்டாம். தகடும் புதிது வாங்கினாள். அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அவள் சொல்லும் இடத்தில் பிடித்து, சொல்லும் இடத்தில் துளை போட்டார். எதிரெதிரே நின்று வேலை செய்தார்கள். டேப்பைப் பிடிக்கட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றாள், மரியாதையாக.

முதல் பலகையை மெஷின்மேல் வைத்தபோது நான் அடுக்களை வாசலில் நின்றேன். அவள் சுவிட்சில் கை வைத்தபடி திரும்பினாள்.

“உள்ள போங்க. நீங்க நிக்கும்ப எனக்குக் கை பதறுது.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் பலகை முடிந்தது சத்தத்தில் தெரிந்தது. இரண்டாவது பலகைக்கு எழுந்து போய், தாழ்ப்பாளில் கை வைத்து, திறக்காமல் நின்றேன்.