மூக்கில் பஞ்சு, வீட்டில் இரண்டு தமிழ்

கோட்டையூரில் என் மனைவி நளாயினி ஒரு நாள் காலையில் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பாண் கேட்டாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அதெல்லாம் இப்போது தடை செய்துவிட்டார்கள், இங்கே விற்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். பாணுக்கு எதற்குத் தடை என்று இவள் கேட்க, உடம்புக்குக் கெடுதல்தானே அம்மா, பொம்பளைகள் இதையெல்லாம் போடலாமா என்று அவர் புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு மாடியேறி வந்தவள், இந்த ஊரில் ரொட்டி தின்றால் குற்றமா என்று என்னிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் பாண் என்றால் நாம் சொல்லும் பிரெட். கடைக்காரர் காதில் அது வெற்றிலைபாக்குக் கடையின் பான் மசாலாப் பொட்டலமாக விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. என் மூக்கு முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது, சிரித்தால் நெற்றிக்குள் யாரோ ஆணி அறைவதுபோல் வலித்தது.

நாங்கள் இருப்பது நார்வேயில், பெர்கன் நகரத்தில். நான் சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் சேவுகன். கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. நளாயினி சின்னப் பெண்ணாக இருந்தபோதே சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த குடும்பத்துப் பெண். அங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழா ஒன்றில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். பிறகு அவள் வீட்டார் வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அவள் நார்வேஜியன் மொழியை அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே பேசுவாள். பார்னஹாகே என்று அங்கே சொல்லும் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். அதனால் பெர்கனில் டாக்டரிடமோ அலுவலகத்திலோ எனக்காகப் பேசுவது அவள்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அவளுடைய தமிழை எங்கள் ஊர்த் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை என்னுடையது. இந்த முறை ஆபரேஷன் முடிந்து நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு படுத்தவுடன் அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. என் சொந்த ஊரில், என்னையும் பார்த்துக்கொண்டு, தன் தமிழை வைத்துக்கொண்டு, அவள் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது.

மூக்கில் எனக்குப் பல வருடத் தொல்லை. உள்ளே சதை வளர்ந்து அடைத்து, மணம் என்ற ஒன்றே போய்விட்டது. மீன் குழம்பும் சுடுதண்ணீரும் எனக்கு ஒன்றுதான். பெர்கனில் டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்றார், ஆனால் முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தபடியே லீவில் ஊருக்கு வந்த இடத்தில் முகமெல்லாம் வலியெடுத்துக் கண் வீங்கிவிட்டது. என் அக்கா வள்ளிக்கண்ணு விடவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அக்கா வீடுதான். கோட்டையூரில் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. காரைக்குடியில் மச்சானுக்கு ஹார்டுவேர் கடை. அவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்த டாக்டர், இந்த நிலைமையில் விமானத்தில் போகவே வேண்டாம், இங்கேயே செய்துவிடலாம் என்றார். நளாயினி பெர்கனுக்குப் போன் போட்டு லீவை நீட்டித்துக்கொண்டாள்.

மயக்கம் தெளிந்து நான் கண்ணைத் திறந்தபோது தொண்டைக்குள் இறங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டியது. நளாயினி வெளியே ஓடிப் போய் நர்ஸிடம், "தங்கச்சி, இவருக்குச் சத்தி வருது" என்றாள். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, அப்படித்தான் அக்கா, கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவர்கள் ஊரில் சத்தி என்றால் வாந்தி. நர்ஸுக்கு அது சக்தி. நளாயினி அடுத்த நொடி வரை காத்திருக்கவில்லை. கட்டிலடியில் இருந்த பாத்திரத்தை எடுத்து என் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகைத் தடவினாள். நர்ஸ் திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பெண் பாவம், முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். நளாயினி அவள் கையைப் பிடித்து, உங்கள் ஊர்ச் சொல்லை எனக்குச் சொல்லித்தாருங்கள், அடுத்த முறை சரியாகச் சொல்கிறேன் என்றாள்.

அக்கா வீட்டு மாடி ரூமில் எங்களை விட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே பூட்டிக் கிடக்கும் பெரிய செட்டியார் வீட்டின் பின்பக்கச் சுவர். அதைத் தாண்டி டவுன் பஸ் திரும்புகிற சத்தம் கேட்கும். டாக்டர் சொன்னதை நளாயினி எழுத்துப் பிசகாமல் செய்தாள். தலையணைகளை அடுக்கி என்னைச் சாய்த்து உட்கார வைத்துத்தான் தூங்க விட்டாள். மூக்குச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது, சிரிக்கக்கூட வேண்டாம் என்று உத்தரவு. பஞ்சை எடுத்த பிறகு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்புத் தூளைக் கலந்து, பிள்ளைக்குப் பால் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பாட்டிலை என் கையில் கொடுப்பாள். நான் வாஷ்பேசினில் தலையைச் சாய்த்து ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வடிய விடும்போது, பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

படுத்துக் கிடந்தபோது, நளாயினிக்குப் பெர்கனில் பித்தப்பை எடுத்த சமயம் நினைவுக்கு வந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது வேறு ஊரில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் அப்போது சின்னப் பிள்ளை. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்தேன். யாரும் வரவில்லை. கீழ் வீட்டு நார்வேஜியப் பெண்மணி ஒருத்திதான். அவளும் மணி அடிக்கவில்லை. கதவுப் பிடியில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். உள்ளே அவளே காய்ச்சிய புளூபெர்ரி ஜாம், கூ பேட்ரிங் என்று எழுதிய ஒரு சின்ன அட்டை. சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம். ஒரு வார்த்தை உள்ளே வந்து கேட்டால் என்ன, தொத்து நோயா என்று எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது. வெகு நாள் கழித்துத்தான் நளாயினி விளக்கினாள். நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் ஓய்வெடுக்க விடுவதுதான் அவர்கள் ஊரில் அன்பு. அந்தப் பெண்மணி மணி அடிக்காமல் போனதே மரியாதைக்காகத்தான்.

கோட்டையூரில் அன்பு மணி அடிக்காமலே உள்ளே வந்துவிடும். கீழே அக்கா யாரோடோ பேசும் சத்தம் கேட்கும், அடுத்த நிமிஷம் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூடவே மூக்குக்கு ஆளுக்கொரு வைத்தியம். அப்படி ஒரு நாள் மச்சானின் பெரியம்மா திருக்கோஷ்டியூரிலிருந்து பெருமாள் கோயில் துளசியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். நல்ல மனுஷி. ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவன் வேட்டி அவிழ்ந்த சம்பவத்தை அவர் சொல்லச் சொல்ல என்னால் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கிற்று. மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. நளாயினி பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, ரொம்பவும் பணிவாகச் சொன்னாள்:

"பெரியம்மா, குறை நினைக்காதேங்கோ. இப்ப இவரோட கதைக்க வேண்டாம்."

பெரியம்மா துளசியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து கீழே போய்விட்டார். சற்று நேரத்தில் அக்கா மாடியேறி வந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்து வெகு காலம் ஆயிற்று.

"ஏத்தா, இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தவுகளப் பாத்துக் கதை விடாதீகன்னா சொல்லுவ? அவுக கண்ணு கலங்கிப் போயி உக்காந்திருக்காக."

நளாயினிக்கு எதுவும் விளங்கவில்லை. தான் அப்படிச் சொல்லவில்லை என்றாள். அக்காவுக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், என் தம்பி பக்கத்தில் யாரையும் அண்டவிட மாட்டேன் என்கிறாய், நான் வைத்த மிளகு ரசத்தைக்கூடக் காரம் என்று திருப்பி அனுப்பினாய் என்று மனசில் இருந்ததெல்லாம் கொட்டினாள். நான் குறுக்கே புகுந்து, அவள் ஊரில் பேசுவதைத்தான் கதைப்பது என்பார்கள் என்று சொல்ல எழுந்தேன். எழுந்த வேகமோ, குரலை உயர்த்திய வேகமோ தெரியவில்லை. மூக்குக்குள் எதுவோ விட்டுப்போனது மாதிரி இருந்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

அக்கா என் தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைக்கப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். நளாயினி அவள் கையை மெல்ல விலக்கி, அண்ணாந்தால் தொண்டைக்குள் போகும் அக்கா, முன்னால் சாய்க்க வேணும் என்றாள். கட்டில் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, என் நெற்றியைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, கீழே பாத்திரத்தைப் பிடித்தாள். வாயால் மூச்சு விடச் சொன்னாள். அக்காவிடம் ஐஸ் கேட்டாள். அக்கா ஓடினாள். துணியில் சுற்றிய ஐஸை அக்கா என் பிடரியில் வைக்க, நளாயினி ஒரு கையால் டாக்டருக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரம் இப்படியே வைத்துப் பாருங்கள், நிற்காவிட்டால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் நெற்றிக்குக் கீழே அவள் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. குரலில் மட்டும் நடுக்கம் இல்லை. ஒரே சீராக, மூச்சு விடுங்கோ, மூச்சு விடுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ரத்தம் நின்றது. என்னைத் துடைத்துச் சட்டை மாற்றிச் சாய்த்து வைத்த பிறகு அக்கா தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதாள்.

"எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீ எப்புடித்தா இப்புடி நின்ன?" என்று கேட்டாள்.

நளாயினி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கும் பயம்தான் அக்கா. அங்க எங்களுக்கு ஆக்கள் இல்லை. ஒருத்தர் பயந்தா மற்றவர் பயப்படேலாது. இங்க நீங்கள் ஐஸ் கொண்டு வந்தீங்கள். அதே எனக்குப் பெரிசு."

இவ்வளவு வருடத்தில் எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையை இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்தான் அம்மா, அக்கா, பெரியம்மா எல்லாம். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் உங்களைத் தள்ளி நிறுத்துவதாகத் தோன்றினால் கோபப்படாதீர்கள். கூட்டத்துக்கு நடுவே நோயில் கிடக்கிற பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிற்று.

அக்கா பெரியம்மாவை மேலே கூட்டி வந்தாள். கதைப்பது என்றால் பேசுவது என்று நளாயினியே சொல்லி, காலைத் தொடப் போனாள். பெரியம்மா அவளைப் பிடித்து நிறுத்தினார். "பேசுறதுதான் கதைக்கிறதா? அப்படின்னா நான் நல்லாக் கதைக்கிறவதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மீதிச் சம்பவத்தை நீ குணமான பிறகுதான் சொல்வேன் என்று விரலை ஆட்டினார். அன்றைக்குப் பிறகு வீட்டில் நடந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆள் வந்தால் அக்கா படிக்கட்டிலேயே நிறுத்தி, தம்பியோடு ரொம்பக் கதைக்காதீக என்று சொல்லி அனுப்பினாள். நளாயினி தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். இதென்ன மஞ்சளாக ஒரு பால் என்று சந்தேகமாகப் பார்த்த அக்கா, மறுநாள் தானே தேங்காய் துருவிக் கொடுத்தாள். காலை நேரங்களில் இரண்டு பேரும் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி, அது உங்கள் ஊரில் என்ன, இது உங்கள் ஊரில் என்ன என்று சொற்களை மாற்றிக்கொள்வது மாடிவரை கேட்கும். எங்கள் கல்யாணத்துக்கு வராத அக்கா அவள். கோபத்தினால் இல்லை, தூரத்தினால். அந்தத் தூரம் வெங்காயம் உரித்து உரித்தே குறைந்தது.

கடைசியாக டாக்டரிடம் போய் மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு ஆட்டோவில் திரும்பும்போது, பெட்ரோல் மாதிரி ஏதோ மணக்கிறது என்றேன். நளாயினி என் முகத்தையே பார்த்தாள். முன்னால் லாரி ஒன்று புகை கக்கிக்கொண்டு போனது. அந்தப் புகையை அப்படி ஆசையாக இழுத்தவன் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன். சோப்பு, நல்லெண்ணெய், அக்கா உலர்த்தியிருந்த துணி. சாயங்காலம் நளாயினி தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவள் தோளிலிருந்து தைலத்தின் நெடி வந்தது. கற்பூரமும் கிராம்பும் கலந்த காட்டமான நெடி.

"தோள் நோகுதா?" என்று கேட்டேன், அவள் தமிழிலேயே.

"இன்றைக்கு நேற்றா? பிள்ளையளைத் தூக்கித் தூக்கி வந்த நோ. இரண்டு மூன்று வருஷமா இதைத்தானே பூசுறன். பெர்கனில எங்கட வீடு முழுக்க இந்த மணம்தான் அப்பா. உங்களுக்குத்தான் மணக்காதே" என்று சிரித்தாள்.

ரத்தம் வந்த அன்று என் தலையைத் தாங்கியது அந்தத் தோள்தான். அவளை உட்கார வைத்து, தைலப் பாட்டிலை வாங்கி, அவள் சொன்ன இடத்தில் தேய்த்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது. தைலக் காட்டம் என்று அவள் நினைத்திருப்பாள். டாக்டர் எனக்கு மூச்சைத் திருப்பித் தந்தார். அதோடு, பக்கத்திலேயே இருந்தும் எனக்கு எட்டாமல் இருந்த என் வீட்டின் மணமும் கிடைத்தது. அவருக்கும், அக்காவுக்கும், இவளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விமானத்தில் போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு புறப்பட்டோம். பெர்கனில் நாங்கள் இறங்கிய மதியம் வழக்கம்போல மழை. வீட்டு வாசலில் டாக்சியை விட்டு இறங்கியதும் நான் நின்றுவிட்டேன். நனைந்த பைன் மரம், கடல் உப்பு, எங்கோ விறகு எரியும் புகை. இத்தனை வருடம் வாழ்ந்த ஊர் இப்படி மணக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. உள்ளே நளாயினி நடையிலேயே பெட்டியைத் திறந்துவிட்டாள். அக்கா கட்டிக்கொடுத்த சுண்டைக்காய் வற்றலும் மல்லிப்பொடியும் குப்பென்று எழுந்து வந்தன. கதவு இன்னும் திறந்து கிடந்தது. வெளியே இருந்து மழை வாசம் உள்ளே வந்தது, உள்ளே இருந்து கோட்டையூர் வெளியே போனது. இரண்டும் என் மூக்குக்கு நேரே சந்தித்துக்கொண்டன.

குளிருது, கதவைச் சாத்துங்கோ என்றாள் அவள். கொஞ்சம் பொறு என்று சொல்லி, நிலைப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று மூச்சு விட்டேன்.