கல் இல்லாத ஓர் ஆள் தேவை

காதைத்தான் முதலில் பார்ப்பார். பேருந்தில் முன் இருக்கையில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தால் போதும், கல்லக்காவின் கண் அவருடைய முடிக்குப் போகாது, சட்டைக்குப் போகாது, நேரே காதுமடலில் போய் ஒட்டிக்கொள்ளும். "முடிக்குச் சாயம் அடிக்கலாம், பல்லைப் புதுசாக் கட்டிக்கலாம். காதை என்ன பண்ண முடியும்? அது பாட்டுக்கு வளர்ந்துகிட்டே இருக்கும்" என்பது அவர் கட்சி. காதை அளந்து முடித்ததும் முன்னால் குனிந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு ஐம்பத்தொண்ணா, ஐம்பத்திரண்டா?" என்பார். அந்த மனிதர் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "கல்லு ஏதும் உண்டா?"

பாதிப் பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்கள். ஒருவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டில் ஊசி போடும் நர்ஸ் அல்ல, ஆய்வு நர்ஸ். சிறுநீரகத்தில் கல் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது, வந்தவர்களில் யாருக்கு மருந்திலேயே கரைகிறது, யாருக்குக் கத்தி வேண்டியிருக்கிறது, யாருக்குப் போன கல் வழி மறக்காமல் திரும்பி வருகிறது என்றெல்லாம் கண்டுபிடிக்க அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. அதற்குத் தலை பெரிய டாக்டர். கை, கால், வாய் எல்லாம் அக்கா.

மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஓர் அறை. முன்பு போர்வைகள் அடுக்கி வைத்திருந்த இடம். கூரை சரிவாக இறங்குவதால் உயரமான நோயாளிகள் எழுந்திருக்கும்போது இடித்துக்கொள்வார்கள். "பார்த்து, பார்த்து! அப்புறம் தலைக்கும் ஒரு ஆய்வு ஆரம்பிக்க வேண்டி வரும்." சுவரை ஒட்டிய அலமாரியில் விரல்நுனி அளவுக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெற்றெடுத்த கல். பழைய நோயாளிகள் அந்த வழியாகப் போனால் எட்டிப் பார்த்து, "என்னுது நல்லா இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா ஒரு வடிகட்டி கொடுத்தனுப்புவார். சிறுநீரோடு கல் வெளியே வந்தால் பிடித்துக் கொண்டுவர வேண்டும், அது என்ன ஜாதிக் கல் என்று சோதிக்க வேண்டும். "டீ வடிகட்டி மாதிரியேதான் இருக்கும். தனியா வைங்க. நான் சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." பிறகு தொலைபேசி அடிக்கும்.

"அக்கா! பொறந்துடுச்சு!"

"சுகப்பிரசவமா?"

"நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுட்டு வந்துட்டாங்க."

"எம்மாம் பெருசு?"

"மிளகுல பாதி இருக்கும்."

"பாதி மிளகுக்கா ஒரு கதவு போச்சு? பத்திரமாக் கொண்டு வாங்க, மூஞ்சியைப் பார்ப்போம்."

கேள்வி கேட்பதில் அக்காவுக்கென்று ஒரு கைராசி உண்டு. "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" "நிறைய." "நிறையன்னா?" "தாகம் எடுக்கும்போதெல்லாம்." "தாகம் எப்பெப்ப எடுக்கும்?" எதிரில் இருப்பவர் கூரையைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார், கடைசியில் சரணாகதி: "எடுக்கறதே இல்லைக்கா."

வீட்டிலும் அதே கதைதான். கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். மாலையில் களைத்துப்போய் வந்து தட்டின் முன்னால் உட்காருவார். அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, "இன்னைக்கு என்ன கலர்?" என்பார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்: "அம்மா, சாப்பிட்டுட்டு இருக்கோம்மா!" கணவர் அசரமாட்டார். "பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும். எல்லாரும் எங்கப்பா என்ன வேலை பார்த்தார்னு கேட்டாங்க. இவ ஒருத்திதான் எங்கப்பாவுக்குக் கல்லு இருந்துச்சான்னு கேட்டா."

நோயாளிகளால் அக்காவுக்குத் தலைவலி இல்லை. நோய் இல்லாதவர்களால்தான். கல் வந்த ஒவ்வொருவருக்கும் கல் வராத ஒருவரை ஜோடி சேர்க்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. ஆணுக்கு ஆண், ஏறக்குறைய அதே வயது, அதே வட்டாரம், ரத்த சொந்தம் கூடாது, ஸ்கேனில் ஒரு பொட்டுக்கூடத் தெரியக் கூடாது. எதற்கு என்று கேட்டால் அக்கா உட்கார வைத்து விளக்குவார். "கல்லு வந்தவன் தண்ணி குடிக்கலைன்னு சொல்லிடலாம். அது லேசு. வராதவனும் குடிக்கலைன்னா? அப்போ காரணம் வேற எங்கேயோ ஒளிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சாத்தான் அது வெளிய வரும்." ஜோடி கிடைக்காத நோயாளி கணக்கில் சேரமாட்டார். அக்கா அலுத்துக்கொள்வார்: "வலிக்கிறவன் தானா வந்துடுவான். நல்லா இருக்கிறவனைத்தான் விரட்டிப் பிடிக்கணும்."

இப்படி விரட்டி விரட்டி எல்லாருக்கும் ஆள் பிடித்தாகிவிட்டது, பேக்கரி மாஸ்டரைத் தவிர.

மாஸ்டர் ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்பவர். கழிப்பறை கடைக்கு வெளியே, தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அடுப்பை விட்டுவிட்டு யார் போவது என்று தண்ணீரே குடிக்கமாட்டார். ஒருநாள் கையில் பன் தட்டோடு அப்படியே சுருண்டு விழுந்து, உடம்பெல்லாம் மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பார்த்த நர்ஸ் ஒருத்தி பயந்தே போனாள். வலி அடங்கியதும் அக்கா கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பிறகு தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

"நான் இந்தக் கணக்குல வருவேன்லக்கா? நான் கத்தினது என் பொண்டாட்டிக்கு மட்டும் கேட்டுட்டுப் போயிடக் கூடாது. அனல்ல நிக்கிறவனுக்கு இப்படி வருதுன்னு நீங்க எழுதினா, அடுப்புகிட்ட ஒரு தண்ணிக் கேனாவது வைப்பாங்க."

"வருவீங்க மாஸ்டர். நான் பொறுப்பு."

சொல்லிவிட்டார். சொன்ன வாயை அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் வந்த ஆள் எப்போதோ கல் எடுத்ததை மறைத்தவர், தழும்பு காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்தவர் மாஸ்டரின் சித்தப்பா மகன், ரத்த சொந்தம். மூன்றாமவர் வயிற்றில் தடவும் பசையைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவர்தான்.

ஆய்வின் கடைசி நாளும் வந்தது. மதியத்துக்கு மேல் மாஸ்டர் தன் முதலாளியையே கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி, மாஸ்டரின் மனைவிக்கு அண்ணன். வயது மாஸ்டரைப் போலவே ஐம்பத்திரண்டு, காதும் அதையேதான் சொன்னது.

"எனக்கா, கல்லா? காய்ச்சல்னு படுத்ததே கிடையாதும்மா. மாப்பிள்ளைக்கு உடம்பு பூஞ்சை. அடுப்பு மேல பழி போடுறார்."

அக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ரத்த சொந்தம் இல்லையே? கட்டினது அத்தை மகளா?"

"இல்லக்கா, வெளியிலதான். தெரியாம கட்டிட்டேன்."

"மாப்பிள்ளை!" என்று உறுமினார் முதலாளி.

ஸ்கேன் டாக்டர் இளம்பெண், சாந்தமானவர். முதலாளியின் வலது பக்கம் பார்த்தார், சுத்தம். அக்கா பெருமூச்சு விட்டார். இடது பக்கம் கருவி போனது, நின்றது, திரும்பி வந்தது. திரையில் வெள்ளையாக ஒரு புள்ளி.

அக்கா கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார்.

"அக்கா," என்றார் டாக்டர் மெல்ல, "அது திரையில இல்ல. அவருக்குள்ள இருக்கு."

"ரொம்பச் சின்னது, இல்ல டாக்டர்?"

"சின்னதுதான்."

"இன்னைக்குத்தான் நமக்குக் கடைசி நாள்."

"தெரியும்க்கா." டாக்டர் கருவியை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

படுத்திருந்த முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னம்மா, சுத்தம்தானே? வெளிய மாப்பிள்ளைக்குக் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம்தான். மாஸ்டர் கணக்கில் சேர்ந்துவிடுவார். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கடையில் உட்காருவார். தண்ணீர் குடிக்கமாட்டார். அந்தப் புள்ளி வளரும், ஒருநாள் கிளம்பும். கிளம்பிய நாளில் ஆண்கள் என்ன குரலில் உள்ளே வருவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அந்தக் குரல்களின் மத்தியில்தான் அவருக்குச் சோறு.

"சுத்தம் இல்லீங்க," என்றார் அக்கா. "கல்லு இருக்கு."

"யாருக்கு?" என்றார் முதலாளி.

செய்தி கதவைத் தாண்டியதும் மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து சிரித்தார், சரிந்து சிரித்தார், தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பூஞ்சை உடம்பு! மச்சானுக்கும் பூஞ்சை உடம்பு! ஐயோ, என் பொண்டாட்டிகிட்ட இதை நான்தான் முதல்ல சொல்லணும்!"

"சிரிக்காதீங்க மாஸ்டர். ஜோடி போச்சு. நீங்க கணக்குல இல்ல."

சிரிப்பு பாதியில் நின்றது. "பரவால்லக்கா," என்றார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். யாரிடம் என்றில்லாமல், "அப்ப நான் கத்தினதெல்லாம் சும்மாதானா?" என்றார்.

சட்டையில் பசை ஒட்டியிருக்க, முதலாளி பெஞ்சில் பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். தங்கை கணவனை ஒரு பார்வை பார்த்தார். தாழ்வாரத்தின் கடைசியில், அவர்களை ஏற்றி வந்த பேக்கரி வேன்காரர் ஜன்னல் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அவனைக் கூப்பிடு மாப்பிள்ளை. அவனுக்கு என் வயசுதான்."

"அவரா?" என்றார் அக்கா. மாஸ்டரை இறக்கிவிட வரும்போதெல்லாம் பார்த்த ஆள். கருகருவென்று மீசை, காதை மூடிய கம்பளித் தொப்பி. "நாப்பதைத் தாண்டாதுங்க."

"லைசென்ஸை நான் பார்த்திருக்கேன்மா. என்னைவிட ரெண்டு மாசம் மூத்தவன்."

வேன்காரர் வந்தார், கேட்டார், துடித்துப்போனார். "முதலாளி! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே! எனக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்காங்கக்கா. நாப்பத்திரண்டுனு சொல்லி வச்சிருக்கேன்."

"தொப்பியைக் கழட்டுங்க."

"அக்கா..."

"கழட்டுங்கன்றேன்."

கழற்றினார். பெரிய, பழுத்த, எந்தச் சந்தேகத்துக்கும் இடம் தராத ஐம்பத்திரண்டு வயதுக் காதுகள். அக்கா அவற்றைக் கண்குளிரப் பார்த்தார். தன் கண்ணுக்குத் தப்பித்த முதல் காதுகள் என்ற கோபம்கூட வரவில்லை. "இங்க சொன்ன வயசு வெளிய போகாது, சத்தியம்!" என்று அவர் போட்ட சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

வேன்காரர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார், கதவு மூடியது. விஷயம் பரவி, மருந்து வாங்க நின்றவர்கள் வந்தார்கள், கட்டுப் போட்ட கையோடு ஒருவர் வந்தார், குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். யாருக்காவது ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அத்தனை நோயாளிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவுக்கு வெளியே அக்கா கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. "ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும் சுத்தம்."

எழுந்த ஆரவாரத்தில் மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மாஸ்டர் பாய்ந்து வேன்காரரை மாவு மூட்டை தூக்குவது போலத் தோளில் தூக்கிக்கொண்டார். தோளில் கிடந்தபடியே வேன்காரர் டாக்டரிடம் முறையிட்டார். "ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்? இவங்க ரெண்டு பேருக்கும் இருக்கே!"

மாஸ்டர் அவரை வெறுங்காலோடு மாடிப்படி அறைக்குச் சுமந்துகொண்டு போனார். அக்கா பின்னாலேயே ஓடிக் கேள்விகளைக் கேட்டு முடித்தார். வேன்காரர் போகிற கடையிலெல்லாம் தண்ணீர் வாங்கிக் குடிப்பவராம், கழிப்பறைக்கும் பஞ்சமில்லையாம். பெரிய டாக்டர் கிளம்புவதற்குள் தாள்கள் அவர் மேசைக்குப் போய்விட்டன. "மாஸ்டர், நீங்க கணக்குல வந்தாச்சு" என்றபோது மாஸ்டர் எழுந்த வேகத்தில் கூரையில் தலையை இடித்துக்கொண்டார், அதற்கும் சிரித்தார்.

அக்கா திரும்பி வந்தபோது தாழ்வாரம் காலியாகியிருந்தது. ஸ்கேன் அறை வாசலில் முதலாளி மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையில் மருந்துச் சீட்டு. ஒரு காலில் தன்னுடைய கறுப்புச் செருப்பு, மறு காலில் வேன்காரரின் பழுப்புச் செருப்பு. அது அவருக்குத் தெரியவில்லை.

"ரொம்ப வலிக்குமாம்மா?" என்று கேட்டார்.

அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கணுக்காலைத் தட்டிக் காலைத் தூக்கச் சொன்னார். பழுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த கறுப்பை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டு, வாரையும் இழுத்துப் போட்டுவிட்டார்.