கேம்ஷாஃப்ட் மேல் போட்ட பழி

டீசல் வண்டிக்காரர்கள் அந்த மெக்கானிக்கை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷத் தொழில். தலைக்கனமும் அதே அளவு வளர்ந்திருந்தது. கோளாறு என்று ஒன்று வந்தால் அது டிரைவரின் தப்பு, ஸ்பேர் செய்தவனின் தப்பு, கலப்பட டீசலின் தப்பு. அவர் தப்பாக மட்டும் இருந்ததே இல்லை.

நாலு கடை தள்ளி, இன்ஜின் பாகங்களைக் கடைந்து கொடுக்கிற அவர் மச்சானின் கிரைண்டிங் கடை. மனைவியின் தம்பி. பத்து வார்த்தை கேட்டால் ஒன்று பேசுகிற ஆள். வேலை மட்டும் சுத்தம்.

செடிப்பண்ணை நடத்துகிற அக்கா ஒருநாள் தன் பிக்கப்போடு வந்து நின்றார்.

"மண்ணும் தொட்டியும் ஏத்திட்டு மேடு ஏறுறதுக்குள்ள, பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன்லயே திட்டுறான் டாக்டர்."

"நம்மகிட்ட விட்டுட்டுப் போங்க. அப்புறம் நீங்க அவனுக்கு ஹாரன் அடிப்பீங்க."

பழைய டர்போவைக் கழற்றி, அந்த இடத்தில் சின்னதும் பெரிதுமாக இரண்டு டர்போ. அவை தள்ளுகிற காற்றுக்கு ஏற்றபடி வால்வுகள் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். அதற்கு, வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டான கேம்ஷாஃப்ட்டும் புதிது. அதைக் கடைந்து கொடுத்தது மச்சான். ஒன்பது நாளில் வேலை முடிந்தது. சரக்கேற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சமதளத்தில் பறந்த வண்டி, பாதி மேட்டில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு படுத்துவிட்டது.

பட்டறைக்குத் திரும்பியபோது நாலைந்து டிரைவர்கள் கூடியிருந்தார்கள். டாக்டர் காதை வைத்தார். "கேம் அளவு தப்பு" என்றார். மச்சானை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"அளந்துதான் மாமா குடுத்தேன்."

"அப்போ என் காது பொய் சொல்லுதா? கண்ணு தெரியலைன்னா கடைய மூடிட்டு வீட்ல உக்காரு!"

ஒருவர் சிரித்தார்.  கழற்றிய தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மச்சான் போய்விட்டார்.

மறுநாள் காலை டர்போவிலிருந்து காற்று போகிற பைப்பைக் கழற்றினார் டாக்டர். வளைவில் ஏதோ விரலில் சிக்கியது. இழுத்தார். ஊதாப் பூப் போட்ட துணி. மனைவியின் பழைய நைட்டியைக் கிழித்து அவரே கொண்டுவந்த கழிவுத்துணி. தூசி விழாமலிருக்க அதைப் பைப்பில் அடைத்ததும் அவர்தான். எடுக்க மறந்ததும் அவர்தான். சமதளத்தில் ஓரமாகச் சுருண்டு கிடந்தது, மேட்டில் காற்று முழு வேகத்தில் வந்ததும் வளைவை அடைத்துக்கொண்டது.

நாலு கடைத் தூரம்தான். நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துணியைக் குப்பை டிரம்மின் அடியில் செருகினார்.

மூன்றாம் நாள் மச்சான் தண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். மாட்டினார்கள். முழுச் சரக்கோடு வண்டி மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. "டாக்டர் சொன்னா சொன்னதுதான்" என்றார்கள் டிரைவர்கள். அவர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

மச்சானின் கடைக்கு வண்டிகள் வருவது குறைந்தது. ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "தம்பி கடையில மெஷினு பாதி நாள் சும்மா நிக்குதாம். நீங்க நாலு பேர்கிட்ட நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?" பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் கடை இருக்கிற பக்கம் நடப்பதையே விட்டார். எதிரே பட்டால் மச்சான் வழக்கம்போல, "சாப்டீங்களா மாமா?" என்பார். அதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம் போலிருக்கும்.

இரண்டு மாதம் தாங்கினார். பிறகு ஒரு சாயங்காலம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் மெஷினை நிறுத்தினார்.

"தெரியும் மாமா."

"எப்படி?"

"ரெண்டாவது தடவ நான் எதையும் கடையவே இல்ல. மூணு தடவ அளந்து பாத்தேன், அளவு மயிரிழை மாறல. துடைச்சு, எண்ணெய் போட்டு, அதையேதான் திருப்பிக் குடுத்தேன். வண்டி ஓடுச்சு. அப்போ கோளாறு வேற எங்கயோ இருந்திருக்கு."

"ஏன் மச்சான் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் பாக்குறத விட்டுட்டேன்."

டாக்டருக்குக் காது மடல்வரை எரிந்தது. மறுநாள் பட்டறையில் டிரைவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்து ஒருவர் சிரித்தார். செடிப்பண்ணை அக்காவைத் தேடிப் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"நானும் ஊரெல்லாம் அவரைப் பத்திச் சொல்லிட்டேனே டாக்டர். அதை யார் வீட்ல போய் எப்படித் திரும்ப வாங்குறது?"

சிலர் மச்சானிடம் திரும்பி வந்தார்கள். சிலர் புதுக் கடை பழகிவிட்டது என்றார்கள். மச்சான் இன்றும் அவருக்கு வேலை செய்து கொடுக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் எந்தத் தண்டையும் சும்மா கொடுப்பதில்லை. அளவுகளை ஒரு சீட்டில் எழுதி, மைக்ரோமீட்டரையும் பேனாவையும் முன்னால் வைக்கிறார். டாக்டர் தலை நிமிராமல் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகிறார்.