சாயும் புல்லுக்கு ஒரு வளையம்

பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் மாசக்கணக்கில் மூடிக் கிடந்ததே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு அச்சாபீஸில் அப்போது தோட்ட வேலை பார்த்தேன்.

வாசலிலிருந்து ஆபீஸ் வரைக்கும் நடைபாதையின் இரண்டு பக்கமும் அழகுப்புல் வைத்திருந்தார்கள். ஆள் உயரம் வரும். பூத்தால் கம்பங்கதிர் மாதிரியே இருக்கும், மணிதான் பிடிக்காது. காரியாபட்டிப் பக்கம் எங்கள் காட்டில் கம்பு போட்ட காலத்தில், மழை பிந்தினால் எங்கள் ஐயா யாரோடும் பேசமாட்டார். சோறு வைத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். இங்கே குழாயைத் திருகினால் போதும். அந்தத் தெம்பில் தண்ணீரும் சாணி உரமுமாக அள்ளிக் கொடுத்தேன்.

புல் கொழுத்து வளர்ந்தது. ஐப்பசி மழையில் ஒரு காற்று அடித்ததும் மொத்தமும் நடைபாதையில் படுத்துவிட்டது. ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. அடுத்த வருஷ மழைக்கும் இப்படிக் கிடந்தால் பிடுங்கிவிட்டு சிமெண்டுக் கல் பதித்துவிடலாம் என்றார். கல் பதித்த இடத்தில் தோட்டக்காரனுக்கு என்ன வேலை? அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

ஒவ்வொரு தூரையும் நிமிர்த்தி, நடுவில் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு போனேன். பைண்டிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தி பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழலுக்கு மருந்து செலுத்தியவள். கம்பெனி மூடின சமயத்தில் இங்கே வந்து சேர்ந்தவள்.

"என்ன அண்ணாச்சி, வெளக்கமாறு கட்டுறீகளா? எனக்கும் ஒண்ணு குடுங்க, வீடு கூட்டணும்."

பார்க்க அப்படித்தான் இருந்தது. அவள் கிளாஸை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"விழுந்த பெறகு கட்டி என்ன செய்ய? அங்கன நாங்க வளையத்த வச்சு, அதுக்குள்ளதான் குழல நட்டமா நிறுத்தி அடுக்குவோம். ஒண்ணுக்கொண்ணு தாங்கிக்கிட்டு நிக்கும். நீங்களும் இது குட்டையா இருக்கயிலயே வளையத்த வச்சிட்டீகன்னா, அது பாட்டுக்கு உள்ளுக்குள்ள வளந்துக்கிடும்."

தை மாசத்தில் புல்லை முழங்காலுக்குக் கீழே வெட்டினேன். காலண்டர் பண்டல் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையில் மிச்சம் மீதியை வாங்கி, தூரைச் சுற்றி மூன்று குச்சி ஊன்றி, வளையமாகச் சுற்றினேன். கொஞ்சம் தளர்வாகத்தான். உரத்தை நிறுத்தினேன். தண்ணீரையும் குறைத்தேன். கை பழகிவிட்டதால் அதுதான் சிரமமாக இருந்தது. தழைத்த பிறகு பட்டை வெளியே தெரியவில்லை.

மறு ஐப்பசியில் விடிய விடிய மழை. காலையில் போய்ப் பார்த்தால் புல் நனைந்து, கதிரைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. ஓரத்தில் பட்டை அறுந்த தூர் ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது. முதலாளி அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். கல் பேச்சை எடுக்கவில்லை.

உங்கள் பக்கம் யார் வீட்டிலாவது இந்தப் புல் சாய்ந்து கிடந்தால், வெட்டின கையோடு வளையத்தை வைத்துவிடச் சொல்லுங்கள். உரம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், குழல் அடுக்கின ஒரு அம்மா சொன்னது என்று சொன்னால் போதும்.