நிக்கத்தைக் கேட்ட கேள்வி

நிக்கத் கத்தரிக்காய் வாங்கினால்கூட அது எந்த ஊர்க் காய், யார் தோட்டத்தில் காய்த்தது என்று கேட்டுவிட்டுத்தான் பையில் போடுவாள். பட்டுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் முடிவது அவள் தொழில். கை பாட்டுக்கு முடியும். வாய் பாட்டுக்குக் கேட்கும். பிள்ளையார்பாளையத்திலிருந்து சேலை கொண்டுவருபவர்கள், பதில் சொல்லி மாளாது என்று வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் முற்றியபோது, சென்னையில் டாக்டர் கீர்த்தி அவளிடம் வகையாக மாட்டிக்கொண்டார். கட்டியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைப் பரிசோதனையில் கண்டிருந்தார்கள். அந்த மாற்றத்தை மட்டும் குறிவைக்கும் புது மாத்திரை ஒன்றை அப்போதுதான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

“குணமாகும்னு வாக்கு தர முடியாதுமா. எவ்வளவு கொடுத்தா உடம்பு தாங்கும்னு பார்க்கிற கட்டம் இது. கொஞ்சம் பேருக்குக் கொடுப்போம். அவங்களுக்குப் பெருசா தொந்தரவு இல்லேன்னா, அடுத்து வர்றவங்களுக்கு அளவைக் கூட்டுவோம்” என்றார் கீர்த்தி.

“அப்போ எனக்கு முன்னாடி சாப்ட்டவங்களுக்கு என்ன பண்ணுச்சு?”

டாக்டர் சிரித்துவிட்டார். “லேசா வாந்தி. ஒண்ணு விடாம சொன்னாங்க. அதை வெச்சுத்தான் உங்க அளவையே முடிவு பண்ணோம்.”

மாத்திரை நன்றாகவே கேட்டது. நிக்கத் ஒரே மூச்சில் மாடியேறித் துணி காயப்போட்டாள். இருமல் இல்லாத வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

ஆனால் கண்ணில் ஒரு வேடிக்கை தொடங்கியது. இருட்டறையில் விளக்கைப் போட்டால் வெளிச்சம் நீளமாக இழுபட்டது. தலையைத் திருப்பினால் கூடவே வந்தது. முதலில் அவளுக்கு அது பிடித்தே இருந்தது. வேண்டுமென்றே விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு குஞ்சத்தின் இழைகளே கலங்க ஆரம்பித்தன.

கணவன் கலீமிடம் சொன்னாள். அவன் ஜரிகை வியாபாரி. கடையில் ஓயாமல் பேசுகிறவன்.

“டாக்டரம்மாகிட்ட வாயைத் தொறக்காதே. மாத்திரையை நிறுத்திட்டாங்கன்னா என்னா பண்ணுவே? மூச்சு வுட்டுக்கினு நிம்மதியா இருக்கே, அது போதும்” என்றான்.

அவன் குரல் நடுங்கியதும் அவளையும் பயம் பிடித்துக்கொண்டது. உயிராசை யாரை விட்டது? முதல்முறையாக நிக்கத் ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை மருத்துவமனையில், பக்கத்து நாற்காலியில் தேவிப்ரியா என்ற இளம்பெண். ஏனாத்தூர்க்காரி. நிக்கத் சும்மா இருப்பாளா? எந்தத் தெரு, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், குழந்தை என்ன படிக்கிறது என்று குடைந்தெடுத்துவிட்டாள். தேவிப்ரியாவுக்கும் அதே மரபணு மாற்றம், அதே மாத்திரை. நிக்கத்தின் அளவைவிடக் கூட்டி, அடுத்த வாரம் கொடுக்கப் போகிறார்கள்.

“உங்களுக்கு இது சாப்ட்டு ஏதாச்சும் பண்ணுச்சாக்கா?” என்று கேட்டாள் தேவிப்ரியா.

நிக்கத் மறுபக்கம் உட்கார்ந்திருந்த கலீமைத் திரும்பிப் பார்த்தாள். தான் கேட்ட அதே கேள்வி. தனக்கு முன்னால் சாப்பிட்ட அந்த முகம் தெரியாதவர்களும் பயந்துகொண்டு வாயை மூடியிருந்தால் தன் கதி என்ன?

“இரும்மா, வந்து சொல்றேன்.” கலீம் கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் டாக்டர் அறைக்குள் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கீர்த்தி கோபப்படவில்லை. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை மாத்திரை வேண்டாம் என்றார். குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாதாம். அடுத்தவர்களுக்கு அளவைக் கூட்டுவதையும் நிறுத்தி வைத்தார்.

வெளியே கலீம் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. நிக்கத் அவன் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். பிறகு தேவிப்ரியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பண்ணுச்சுமா” என்றாள். “இன்னும் என்னென்னா கேக்கணுமோ, கேளு.”