தங்கராஜ் அண்ணனுக்கு இனி லோன் வேண்டாம்

பேய்க்கதை நடக்கிற இடத்தில் என்னை யாரும் சேர்ப்பதில்லை. கதை உச்சத்துக்கு வரும்போது பின்னால் போய் யாருடைய கழுத்திலாவது ஐஸ் தண்ணீர் பாட்டிலை வைக்கிற ஆள் நான். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பாறசாலையில் என்னைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆகவே இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தனுவச்சபுரத்தில் கல்லூரி பஸ் ஸ்டாப் பக்கம் எனக்கு ஜெராக்ஸ் கடை. என் பக்கத்து வீட்டுத் தங்கராஜ் அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மனிதர் போனாரே தவிர, அவருக்கு லோன் தருகிறவர்கள் போகவில்லை. தபாலில் பளபளப்பான கவர்கள், போனில் கிரெடிட் கார்டு, கார் இன்சூரன்ஸ். அண்ணனிடம் சைக்கிள்தான் இருந்தது.

உயிரோடு இருந்தபோது அண்ணன் இவர்களைச் சமாளிப்பதைப் பார்க்கக் கடையை மூடிவிட்டு வரலாம். மலையாளத்தில் கூப்பிட்டால் தமிழில் பேசுவார். அவர்கள் அலைந்து தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்தால், உடனே சுத்த மலையாளத்துக்கு மாறிவிடுவார். எல்லைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதானே. இப்படி நாலு முறை மாறினால் அவர்களே வைத்துவிடுவார்கள்.

அவர் மனைவி ரோஸ்லின் அக்காவுக்கு அந்த வித்தை வராது. கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுவார். ஒருநாள் கவர்க்கட்டோடு மதில் பக்கம் வந்தார்.

"எலே மக்கா, ஓரோருத்தனும் விளிச்சு, சார் உண்டான்னு கேக்கியான். மரிச்சுப் போனாவன்னு நான் சொல்லணும். காலத்த எழும்பினதும் சொன்னேன், சோறு வடிக்கும்பமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவிய இப்பதான் போனது மாதிரி இருக்குலே."

"சிம்மை மாத்திப் போடுவோமா அக்கா?"

"அதுலயாக்கும் பென்ஷன் மெசேஜ் வருது, கேஸு புக் பண்ணுயதும் அதுலதான். எனக்கு இந்தச் சொல்லுயது மட்டும் நிண்ணாப் போதும்."

அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. கவர்களின் மேல் 'பெறுநர் காலமானார்' என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். தொந்தரவு வேண்டாம் என்று பதிவு செய்யும் மெசேஜை அண்ணன் போனிலிருந்து அனுப்பினேன். கொஞ்சம் குறைந்தது. ஒரு கார்டு கம்பெனி மட்டும், பெயரை எடுக்க வேண்டுமானால் வாடிக்கையாளரே பேச வேண்டும் என்றது. அவர் வர முடியாத இடத்தில் இருக்கிறார் என்றேன். "எப்ப சார் திரும்பி வருவாங்க?" என்று கேட்டார்கள்.

சரி, வாடிக்கையாளரையே பேச வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் அண்ணன் குரலை நான் மிமிக்ரி செய்தால் முன்வரிசையில் உட்கார்ந்து அதிகம் சிரிப்பவர் அண்ணன்தான். மறுநாள் காலையிலேயே அக்காவிடம் அந்த போனை வாங்கிக் கடை மேஜையில் என் கண் முன்னால் வைத்துக்கொண்டேன். கல்லூரிக்கு லீவு, கடையில் ஈ காக்கை இல்லை. நல்ல வெயில், சாயங்காலம் கூட ஆகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன்.

மலையாளப் பெண் ஒருத்தி எடுத்தாள். "எனக்கு மலையாளம் அறியாது பிள்ளே, தமிழ்ல சொல்லு" என்றேன், அண்ணன் குரலில். கொஞ்ச நேரத்தில் தமிழ்ப் பெண் வந்தாள். பழைய நினைப்பில் குஷி வந்துவிட்டது, "தமிழ் மனசிலாவில்லா மோளே" என்று மலையாளத்துக்கு மாறினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சார், மத்தியானமும் இதையேதான் பண்ணீங்க."

"ஆரு?" என் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"நீங்கதான், தங்கராஜ் சார். உங்க பேரை அப்பவே எடுத்தாச்சே. 'ஒரே சேதிய அவ எத்தன பேருக்குச் சொல்லுவா'ன்னு கேட்டீங்க. என்ன சேதின்னு கேட்டேன், சிரிச்சீங்க."

போனை வைத்தேனா, அதுவே விழுந்ததா தெரியாது. ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன், பட்டன் அமுங்கி என் உள்ளங்கை காப்பி காப்பியாக வந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துப் பயந்தேன். அண்ணன் போனில் பார்த்தால் மத்தியானம் எந்த அழைப்பும் போகவில்லை. வேறு மிமிக்ரிக்காரன் யாராவது? இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குப் போட்டி வந்திருந்தால் முதலில் எனக்குத்தான் வயிறு எரிந்திருக்கும்.

கடையைத் திறந்து போட்டுவிட்டு எதிர் டீக்கடைக்கு ஓடினேன்.

"எலே, இந்த வெயிலுக்கு எதுக்குலே கிடந்து வெறைக்கே?" என்றார் டீக்கடைக்காரர்.

"கடையில ஏசி கூடிப்போச்சு" என்றேன். என் கடையில் ஃபேனே சரியாகச் சுற்றாது.

சாயங்காலம் போனைக் கொடுக்கப் போனபோது அக்கா கேட்டார், "நிண்ணுதா மக்கா?"

"நிண்ணுது அக்கா."

"பின்ன இனி நான் ஆருட்டயும் சொல்லாண்டாம்" என்று முந்தானையால் போனைத் துடைத்து வாங்கிக்கொண்டார். நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நம்பினால் நம்புங்கள், அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை, நான் பேசாத கம்பெனிகள் உட்பட. கவர்களும் வருவதில்லை.

அடுத்த வாரம் என் போனில் இரண்டாவது சிம்முக்கு ஓர் அழைப்பு வந்தது. "சார், உங்களுக்கு ஒரு லோன் ஆஃபர். தங்கராஜ் சார்தான் இந்த நம்பரைக் கொடுத்து, இதுல பேசுங்கன்னு சொன்னாங்க." அன்றிலிருந்து எல்லா ஆஃபரும் எனக்குத்தான். இதில் என்ன என்கிறீர்களா? அந்த சிம்மை நான் வாங்கியதே அண்ணனை அடக்கம் செய்து பல மாதம் கழித்து. என் மனைவிக்கு மட்டும்தான் அந்த நம்பர் தெரியும். அவளைக் கேட்டால், "நான் ஆருட்ட சொல்லுயதுக்கு, எனக்கே அது மனப்பாடம் இல்ல" என்கிறாள்.

இந்த நம்பருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று பதிவு செய்ய ஒருமுறை மெசேஜை அடித்து, அனுப்பும் பட்டன்வரை போனேன். செய்துவிட்டால் அந்த அழைப்புகள் அக்காவிடமே திரும்பிப் போய்விடுமோ என்று யோசித்து நிறுத்திவிட்டேன். ஆகவே ஒவ்வொன்றையும் எடுக்கிறேன், மலையாளத்தில் வந்தால் தமிழ், தமிழில் வந்தால் மலையாளம். சிலர், தங்கராஜ் சாரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். பக்கத்து வீடு என்பேன். அவர் வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.