பன்னிரண்டு மில்லிமீட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவள் யுவராணி. முப்பத்திரண்டாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள்.

கடைசி செமஸ்டர் ஆய்வுக்கு நொச்சி இலையை எடுத்துக்கொண்டாள். அண்ணனூரில் அவள் குடியிருந்த தெரு முழுக்க வேலிக்கு நொச்சிதான். இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றைத் துத்தநாக உப்புக் கரைசலில் கலந்து சூடாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால், துத்தநாக ஆக்சைடின் நானோ துகள்கள் அடியில் படியும். கழுவி உலர்த்திய அந்தப் பொடியை, சீழ்க்கட்டி உண்டாக்கும் பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்தாள். மறுநாள் பொடியைச் சுற்றிப் பத்தொன்பது மில்லிமீட்டருக்குப் பாக்டீரியா அற்ற வட்டம். ஆய்வு வழிகாட்டி நடேசன் அந்த எண்ணைப் போட்டே கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிவிட்டார்.

யுவராணிக்கு மனசு ஒப்பவில்லை. பொடியை ஒரே தடவைதான் கழுவியிருந்தாள். மீண்டும் கழுவி, அந்தத் தண்ணீரை மட்டும் இன்னொரு தட்டில் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் வட்டம் விழுந்திருந்தது. பொடியில் ஒட்டியிருந்த மிச்ச ரசாயனமும் சேர்ந்துதான் கிருமியைக் கொன்றிருக்கிறது.

தட்டோடு போய் நடேசன் முன்னால் நின்றாள். எம்.எஸ்சி. ஆய்வுக்கு இவ்வளவு நோண்ட வேண்டாம், ஒப்படைக்கப் பதினோரு நாள்தான் இருக்கிறது என்றார் அவர்.

"சார், கழுவுன தண்ணியே கொல்லுது. அப்புறம் பொடிதான் கொன்னுச்சுன்னு நான் எப்படி எழுதறது?"

அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தேதியத் தள்ளிப்போட முடியாது. முடிஞ்சா செய்ங்க" என்றார்.

ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் கணவன் சரவணக்குமாருக்கு இது புரியவில்லை. "சாரே போதும்ங்கிறாரு. உனக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டான்.

"இந்தப் பொடிய ஒருநாள் யாரோட புண்ணுலயாவது மருந்தா வைக்கப் போறாங்க. தப்பா எழுத என்னால முடியாது."

 விடிந்ததும் அவன் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் ஒரு பை நிறைய நொச்சி இலை பறித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

புதிதாகப் பொடி தயாரித்துச் செய்த முதல் முயற்சியில் தட்டெல்லாம் பூஞ்சை பிடித்துப் பாழானது. மூன்று நாள் போயிற்று.  பாத்திரங்களைக் கழுவி மறுபடி இலையை அடுப்பேற்றினாள். இம்முறை பொடியை ஐந்து தடவை கழுவினாள். கடைசிக் கழுவல் தண்ணீரையும் பொடியையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் தட்டைத் திறந்தாள். தண்ணீர் விட்ட இடத்தில் பாக்டீரியா அடர்ந்து படர்ந்திருந்தது. பொடியைச் சுற்றி மட்டும் சின்னதாக, தெளிவாக ஒரு வட்டம். நடேசனே ஸ்கேலை வாங்கி அளந்தார். பன்னிரண்டு.

"கருத்தரங்குக்கு நான் திருத்தி எழுதிடறேன்" என்றார்.

அட்டவணையில் பன்னிரண்டை எழுதினாள் யுவராணி. பத்தொன்பதையும் விடவில்லை, அது ஏன் தப்பு என்று கீழே நாலு வரி எழுதி, குறித்த நாளில் ஒப்படைத்தாள்.